இருபத்தைந்து எழுத்து

இசைவாணியின் வேலை போக வேண்டும் என்று நான் திட்டமெல்லாம் போடவில்லை. அப்படி யாராவது சொன்னால் செருப்பு பிஞ்சிடும். சொல்ல வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். வாயைத் திறக்காததற்கு எந்தக் கோர்ட்டிலும் தண்டனை கிடையாது.

நான் தங்கராசு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சிதம்பரம் மேல வீதியில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்தும் பழனிவேல் என் கஸ்டமர். சிதம்பரத்தில் ஆள் இல்லாமலா கடலூரிலிருந்து என்னைக் கூப்பிடுகிறார்? நான் பஸ் காசுகூடக் கேட்க மாட்டேன், அதனால் கூப்பிடுகிறார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள். அவருடைய லேப்பில் கவுண்டரில் உட்கார்ந்து ரிப்போர்ட் டைப் அடிப்பவள்தான் இசைவாணி. ஆறு வருஷமாக அங்கே இருக்கிறாள். நெய்வேலிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அஞ்சாவது படிக்கிற பெண் குழந்தை ஒன்று. வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், சோறு எல்லாம் இந்த ஒரு சம்பளத்தில்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று கதை விட மாட்டேன்.

விஷயம் இதுதான். லேப்புக்குத் தரச் சான்று வாங்க பழனிவேல் விண்ணப்பம் போட்டிருந்தார். திங்கட்கிழமை ஆய்வுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரிஜினல் விண்டோஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். கவுண்டர் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, புது விண்டோஸைத் தாங்காது. அதனால் புது மிஷின் ஒன்றை நானே அசெம்பிள் பண்ணிக் கொண்டுபோய் வைத்தேன். லைசன்ஸ் மட்டும் பழைய மிஷினிலிருந்து இதற்கு மாற்ற வேண்டும்.

மாற்ற முடியுமா என்றால், முடியும். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வருகிற லைசன்ஸ் அந்த மிஷினோடு செத்துப்போகும். கடையில் தனிப் பெட்டியாக விற்கிற லைசன்ஸ் அப்படியில்லை. பழைய மிஷினில் எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், புது விண்டோஸுக்கும் அதே நம்பர் செல்லும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பழனிவேலுக்கு நான் விற்றது பெட்டி லைசன்ஸ். "நாளைக்கு மிஷின் போனாலும் இது போவாது சார்" என்று நான் சொல்லித்தான் அந்த மனுஷன் கூடுதலாகக் காசை அவிழ்த்தார். பெட்டிக்குள் ஒரு அட்டை இருக்கும். அதில் இருபத்தைந்து எழுத்தும் எண்ணுமாக ஒரு நம்பர். அதுதான் சாவி. அந்த நம்பரை அடித்தால்தான் விண்டோஸ் நம்மை மதிக்கும்.

கஸ்டமர்கள் அந்த அட்டையைத் தொலைத்துவிட்டு என் உயிரை வாங்குவார்கள். அதனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. நம்பரை வெள்ளை ஸ்டிக்கரில் பேனாவால் எழுதி, சி.பி.யு. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுவேன். அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவேன். பழனிவேல் லேப்பிலும் அப்படித்தான் செய்தேன்.

புதன்கிழமை போய்ப் பழைய பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், ஸ்டிக்கர் இருக்கிறது, நம்பரைக் காணோம். அந்த இடத்தில் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் இருந்தது. ஆயுத பூஜை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"யாரு இது மேல பொட்டு வச்சது?" என்றேன்.

"நான்தாண்ணே" என்றாள் இசைவாணி. "வருசா வருசம் வைப்பேன். பழசை ஈரத்துணியால தொடச்சிட்டுப் புதுசு வைப்பேன். பொட்டி பூரா கறுப்பா இருக்கா, அந்த ஒரு இடந்தான் வெள்ளையா இருந்துச்சு. அங்க வச்சாத்தான் எடுப்பா தெரிஞ்சுச்சு."

ஆறு ஆயுத பூஜை. ஆறு தடவை ஈரத்துணி. பேனா மை எத்தனை நாளைக்குத் தாங்கும்? விரலால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு எழுத்து மிஞ்சியிருந்தது.

"இன்னா ஆச்சு?" என்று பழனிவேல் உள்ளேயிருந்து வந்தார்.

"சாவி நம்பர் அழிஞ்சிடுச்சு சார்."

"அழிஞ்சா?"

இங்கேதான் நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பழைய மிஷின் உயிரோடுதான் இருந்தது. ஒரு சின்ன புரோகிராமை ஓட்டினால் போதும், உள்ளே போட்டிருக்கிற நம்பர் முழுசாகத் திரையில் வந்து நிற்கும். இரண்டு நிமிஷ வேலை. நேற்று கடை திறந்தவனுக்குக்கூடத் தெரியும்.

அப்போது அவளைப் பார்த்தேன். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இசைவாணியைப் பெண் பார்க்க மங்கலம்பேட்டையிலிருந்து எட்டுப் பேர் வேன் எடுத்துக்கொண்டு போனோம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான். காபி கொடுத்தாள், பஜ்ஜி கொடுத்தாள், பாயின் ஓரமாக நின்றாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து சொன்னார்: "கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டுறவன் எனக்கு வேணாம்னு பொண்ணு சொல்லிடுச்சாம்." எங்க சித்தப்பா, மாமா, மச்சான் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் சொன்னார். ஊரில் ஒரு வருஷம் எனக்குத் தூசி என்றுதான் பெயர். பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. பவானி நல்லவள், ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை மட்டும் வயிற்றில் அப்படியே கிடந்தது. லேப்பில் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது, தெரியாதவள் மாதிரி "வாங்கண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள் பாருங்கள், அன்றைக்கு ஏறின எரிச்சல் இறங்கவே இல்லை. இன்னா நடிப்பு!

"அழிஞ்சா அவ்ளோதான் சார்" என்றேன் பழனிவேலிடம். "நம்பர் இல்லாம மாத்த முடியாது. புதுசுதான் வாங்கணும்."

பழனிவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒருவாட்டி ஜாஸ்தி காசு குடுத்து வாங்குனதுக்கு மறுபடியும் காசா? யாரு தர்றது? எங்கப்பனா?"

"சார், நீங்கதான் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைன்னு..." என்று இசைவாணி ஆரம்பித்தாள்.

"நான் பொட்டு வைன்னுதான் சொன்னேன். நம்பர் மேல வைன்னு சொன்னனா? ஒனக்குக் கண்ணு இல்ல? எழுதி இருக்குறது தெரியல?" உள்ளே ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் குரலை இன்னும் ஏற்றினார். "இந்தா பாரு. சனிக்கிழமைக்குள்ள அந்த நம்பர் இந்த மிஷின்ல ஏறணும். எப்புடி ஏத்துவியோ, ஒன் பாடு. ஏறலன்னா திங்கக்கிழமை நீ வராத."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒயரைச் சுருட்டினேன். "பழைய பொட்டியை நான் எடுத்துட்டுப் போறேன் சார், எக்சேஞ்ச்ல கழிச்சுக்கலாம்" என்றேன். பழனிவேல் தலையை ஆட்டினார். புது மிஷினின் திரையில், வலது பக்கக் கீழ் மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய் என்ற சாம்பல் நிற எழுத்து மங்கலாக நின்றது. ஆய்வுக்கு வருகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

அன்று சாயங்காலமே கடையில் பழைய மிஷினை மாட்டி அந்த நம்பரை எடுத்துவிட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்தைந்தும் பளிச்சென்று வந்தது. ஒரு காகிதத்தில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில், என் பக்கமாக, எதிரில் நிற்பவருக்குத் தெரியாமல் மானிட்டர் மறைவில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. கையில் இருந்தது, நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவளே கடைக்கு வந்துவிட்டாள். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள் போல, புடவையெல்லாம் கசங்கியிருந்தது. பையிலிருந்து நோட்டுக் காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"அண்ணே, அந்த ஸ்டிக்கர் என் சீட்டுக்கு நேரா இருக்கும். மை மங்குற வரைக்கும், பொட்டு உதுந்த நாளெல்லாம் அதைத்தான் பாத்துட்டே உக்காந்திருந்தேன். கண்ண மூடி ரெண்டு நாளா யோசிச்சு எழுதி இருக்கேன். சரியா பாருங்களேன்" என்றாள்.

வாசித்தாள். "டபிள்யூ, ஏழு, கே, நாலு, எம்..."

என் பக்கத்துக் காகிதத்தில் டபிள்யூ, ஏழு, கே, நாலு, எம். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் கண்ணாடிக்கு அடியில் பார்த்துக்கொண்டே போனேன். இருபத்திரண்டு சரி. மூன்று இடத்தில் மட்டும் கோடு போட்டு விட்டிருந்தாள்.

"இங்க எட்டா, பீயான்னு சந்தேகம். மீதி ரெண்டும் ஞாபகமே வர மாட்டேங்குது. மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கலாமாண்ணே?"

அது எட்டு. என் கண்ணுக்கு முன்னால் எட்டு இருந்தது.

"இதெல்லாம் சும்மா ஊகம்மா. பாதிக்கு மேல தப்பா இருக்கும். தப்புத் தப்பா போட்டா கம்பெனிக்காரன் மொத்தமா லாக் பண்ணிடுவான்" என்றேன். அடித்துவிட்ட பொய். அவள் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கிழித்துப் போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரிண்ணே. அப்ப புதுசே குடுத்துடுங்க. காதுத் தோட்ட அடகு வச்சிட்டுத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டுப் பணத்தை மேஜையில் வைத்தாள். நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன், காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். நான் புது லைசன்ஸுக்கு ஆர்டர் போடுகிற மாதிரி கீபோர்டில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தால் ஒரு மாதிரியாக இருக்கும் என்று அவள் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க கடலூரேவாண்ணே?"

"மங்கலம்பேட்டை" என்றேன். வேண்டுமென்றே அழுத்திச் சொன்னேன். இப்போது நடிப்பு கலையட்டும் என்று.

"அப்புடியா! அங்கேருந்து எனக்கு ஒரு சம்பந்தம்கூட வந்துச்சுண்ணே" என்று சிரித்தாள். இரண்டு நாளில் அன்றைக்குத்தான் முதலில் சிரித்திருப்பாள். "வேன்ல வந்தாங்க. மாப்பிள்ள யாரு, கூட வந்தவுங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நான் தலையத் தூக்குனாத்தான? அவருக்குச் சொந்த வீடு இல்லன்னு எங்கப்பா வேணாம்னுட்டாரு. என்னை யாரு கேட்டாங்க? கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லி இருப்பேன். கம்ப்யூட்டர் வேலைன்னாங்க, எனக்கு அப்பவே கம்ப்யூட்டர்னா ரொம்ப ஆச."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

தூசி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே இல்லை. தரகனோ, அவள் அப்பனோ, யாரோ ஒரு நாய் சேர்த்த மசாலா. பன்னிரண்டு வருஷம் நான் அதைத் தின்று வாழ்ந்திருக்கிறேன். அவளுக்கு என் முகமே தெரியாது. நடிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. மறப்பதற்கு நான் அவள் கண்ணில் பட்டிருக்கவே இல்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கண்ணாடியைத் தூக்கி, "இந்தாம்மா நம்பர், பணத்த எடுத்துட்டுப் போ, தோட்ட மீட்டுக்க" என்றால் ஐந்து நொடியில் முடிகிற விஷயம். ஆனால் எப்படிக் கிடைத்தது என்று கேட்பாள். புதன்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். பழனிவேல் கேட்பார். கோபம் இருந்தவரை தைரியம் இருந்தது. அது போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. பணத்தை எடுத்து டிராயரில் போட்டேன்.

"நாளைக்கு நானே வந்து ஏத்திடுறேன்" என்றேன். நம்பரை அவள் கையில் கொடுக்க முடியுமா? முதல் ஐந்து எழுத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"நீங்க நல்லா இருக்கணும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் லேப்புக்குப் போனேன். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள், பார்க்க வேண்டும் என்று. "ஒரு டீ வாங்கிட்டு வாம்மா, தல வலிக்குது" என்று அவளை வெளியே அனுப்பிவிட்டு இருபத்தைந்து எழுத்தையும் அடித்தேன். ஏறிவிட்டது. மூலையில் இருந்த சாம்பல் எழுத்து மறைந்தது. அவள் டீயோடு உள்ளே வந்து, திரையைப் பார்த்து, டம்ளரை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். திரையைக் கும்பிட்டாளா, என்னைக் கும்பிட்டாளா தெரியவில்லை.

பழனிவேல் வந்தார். பார்த்தார். "ஏறிடுச்சா? நல்லது. பில்லு?"

"பழைய பில்லையே காட்டுங்க சார், போதும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புது லைசன்ஸுக்குப் பழைய பில் எப்படிப் பொருந்தும் என்று அந்த மண்டைக்குள் ஓடியிருக்கும். கஞ்சனுக்குக் கணக்கு நன்றாக வரும். அவள் காதில் இருந்த குச்சியும் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் ஆறு வருஷ ஊழியக்காரியின் தோட்டை மீட்டுத்தர வேண்டியிருக்குமே.

இசைவாணி பக்கம் திரும்பினார். "இசைவாணி, என் மச்சினன் பொண்ணு படிச்சு முடிச்சிட்டு வீட்டுல சும்மா இருக்கு. திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்லிட்டேன். ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்க எனக்குக் கட்டுப்படி ஆவாது."

"சார், நம்பர் ஏறிடுச்சே சார்" என்றாள்.

"ஏறலன்னா வராதன்னுதான் சொன்னேன். ஏறுனா வான்னு சொன்னனா?"

அவள் டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். டிராயரிலிருந்து தன் டிபன் டப்பாவையும், மகள் வரைந்து கொடுத்து கவுண்டரில் ஒட்டியிருந்த படத்தையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது, "ஒங்களுக்குத்தான் வீண் அலைச்சல்ணே" என்றாள். அடிப்பாவி, அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பத்து நாள் நினைத்தேன். பதினோராவது நாள் பவானி பிரிட்ஜ் ரிப்பேர் என்றாள்.

தை மாதம் பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கணக்கெழுதுகிற கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும், லைசன்ஸையும் புதியதற்கு மாற்றித் தர வேண்டும். முதலாளி நைனா முகம்மது. பழனிவேல் மாதிரி இல்லை, போனவுடன் உட்காரவைத்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மனுஷன். ஆபீஸ் அறையின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெரிய கொட்டகை. நாற்பது ஐம்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டைப் பால் பட்டால் கை வெந்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைக்க வேண்டும். அப்படியும் விரலெல்லாம் கறுத்துத் தோல் உரியும்.

மூன்றாவது வரிசையில் இசைவாணி இருந்தாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் குனிய முடியும்? தண்ணீர் குடிக்க எழுந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஜன்னலுக்கு ஓடி வந்தாள். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"அண்ணே! நல்லா இருக்கீங்களா? இங்க எங்க அக்கா வீட்டோட வந்துட்டேண்ணே." கம்பியைப் பிடிக்கப் போனவள், கையைப் பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "இங்க டைப் அடிக்குற பொண்ணு கல்யாணமாகிப் போவுதுண்ணே. எனக்குத் தெரியும்னு மொதலாளிகிட்ட சொன்னேன். நம்ப மாட்டேங்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதும்ணே."

நைனா முகம்மது அறைக்குள் வந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தங்கராசு, இந்தப் பொம்பளை ஒமக்குத் தெரிஞ்சவுங்களா? லேப்ல ஆறு வருசம் கம்ப்யூட்டர் வேல பாத்தேன்னு சொல்லுறாங்க. கைய பாத்தா நம்புற மாதிரி இல்ல. நெசமா?"

நிஜம். சிதம்பரத்திலேயே அவளைவிடச் சுத்தமாக டைப் அடிக்கிறவர்கள் இல்லை. அதைச் சொன்னால் போதும். ஆனால் இந்த அறையில், இந்த மேஜையில், இந்த மிஷினுக்கு முன்னால் அவள் உட்காருவாள். நான் மாசாமாசம் வர வேண்டும். இப்போது லைசன்ஸ் எப்படி மாற்றுகிறேன் என்று பக்கத்தில் நின்று பார்ப்பாள். பழைய மிஷினிலிருந்து நம்பரை எடுக்கிற அந்த இரண்டு நிமிஷத்தைப் பார்ப்பாள். பார்த்தால் புரிந்துவிடும்.

"தெரியாதுங்க பாய்" என்றேன். "லேப்ல பாத்திருக்கேன். பெருக்கிட்டு இருப்பாங்க."

அவள் ஜன்னலை விட்டு நகர்ந்து தன் வரிசைக்குப் போனாள்.

நல்ல மனுஷன் நைனா முகம்மதுவுக்குப் பொய் மட்டும் ஆகாது. முகம் சுருங்கிவிட்டது. "ஒழச்சுப் பொழைக்கட்டும்னு எடத்தக் குடுத்தா, பொய் சொல்லி உள்ள உக்காரப் பாக்குறாங்க" என்றவர், வாசலில் நின்ற மேஸ்திரியைக் கூப்பிட்டார். "இன்னிக்கி வரைக்கும் உள்ள கூலியக் குடுத்து அனுப்பிடு. நாளையிலேருந்து வர வேணாம்."

மேஸ்திரி போய் அவளிடம் சொன்னார். அவள் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். எத்தனை தடவை தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. பிறகு பையை எடுத்தாள், செருப்பைத் தேடிப் போட்டாள். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அத்தனை நேரமும் நைனா முகம்மது என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது.